முத்திரை ஹலால், முதல் எங்கே?

தியாகராய நகரில் ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். கணினித் துறையில் பணி; அடையாறில் குடியிருப்பு; குறைவில்லாத சம்பளம். கைப்பேசியைத் திறந்து காட்டினார். திரையில் 38 இலட்சத்துச் சொச்சம் என்று ஓர் எண் பச்சை நிறத்தில் மின்னிக் கொண்டிருந்தது. “ஆறு இலட்சம் போட்டேன் ஹஸ்ரத். நான்கே மாதத்தில் இவ்வளவு வந்திருக்கிறது. கிரிப்டோ வாணிபம். இது ஹலாலா, ஹராமா? ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றார்.

“தம்பி, இதிலிருந்து இன்றைக்கு எவ்வளவு எடுக்க முடியும்?” என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவர் முகம் வாடியது. “எடுப்பதற்கு முன்னால் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் வரி கட்ட வேண்டுமாம். அதற்குத்தான் உம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாமென்று...” என்று இழுத்தார்.

வளையல்கள் தப்பின. ஆறு இலட்சம் தப்பவில்லை. அந்தத் திரையில் அவர் கண்டது பணமன்று; பணத்தைப் போல் வரையப்பட்ட ஒரு படம். ஆறு இலட்சம் என்றைக்கு அனுப்பப்பட்டதோ அன்றைக்கே அது எவனோ ஒருவனின் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு நான்கு மாதம் வளர்ந்ததெல்லாம் வெறும் எண்.

பணம் போனதைவிட என்னை அதிகமாகச் சுட்டது அவர் கேட்ட கேள்விதான். படித்த இளைஞர், ஐவேளைத் தொழுகையாளி, முன்பின் அறியாத ஒருவனிடம் ஆறு இலட்சத்தை ஒப்படைத்த பின்னர், “இது ஹலாலா?” என்று கேட்கிறார். “இவன் யார்? கணக்கு எங்கே? முதல் யார் கையில் இருக்கிறது?” என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அப்படிக் கேட்பதும் மார்க்கம்தான் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுக்காதவர் யார்? நான்தான். என்னைப் போன்ற ஆசிரியர்கள்தாம். இக்கட்டுரை மோசடிக்காரர்களுக்காக எழுதப்படவில்லை. அவர்கள் இதைப் படிக்கப் போவதுமில்லை. இது நம்மவர்க்காக எழுதப்படுவது. குறிப்பாக, மிம்பரில் நிற்கும் உரிமை பெற்ற என் சக ஆலிம்களுக்காக எழுதப்படுவது.

மயிலாப்பூர் கற்ற பாடம்

பேராசையால் கெடுவது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய நோயன்று. சென்னையின் பழைய வரலாறே அதற்குச் சான்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேயர் நிறுவனம் திவாலானபோது, ஓய்வூதியக்காரர், விதவைகள், கோயில் அறக்கட்டளைகள், சிறு வணிகர் எனப் பல்லாயிரவர் தம் சேமிப்பை இழந்தனர். வெள்ளையர் நிறுவனம், நூறாண்டுப் பெயர் என்பதே அன்று நம்பிக்கைக்குப் போதுமானதாக இருந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். ஆயினும் அந்தக் கதை கண்ணீரோடு முடிந்துவிடவில்லை. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்று உழைக்க, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. ஏமாந்தவர்கள் கூடி ஒரு நிறுவனத்தை எழுப்பினர். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

அதே மயிலாப்பூரில் 1872இல் தொடங்கப்பெற்ற சாசுவத நிதி ஒன்று உண்டு. ஒன்றரை நூற்றாண்டுப் பெயர். சமயத்தின் பெயரும் சேர்ந்த பெயர். 2024இல் முதிர்ந்த வைப்புத் தொகைகளைத் திருப்பித் தர இயலாது அந்நிதி தடுமாற, ஏறத்தாழ 525 கோடி ரூபாய் குறித்துப் புகார் எழுந்து, அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவ்வாண்டு ஆகஸ்டில் கைதானார். அவ்வழக்கின் தீர்ப்பை நீதிமன்றம் சொல்லும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே பணம் போட்ட முதியவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். வானளாவிய இலாபத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பழமையையும் சமயப் பெயரையும் நம்பினர், அவ்வளவே.

இதற்கு நேர்மாறானது அமைந்தகரையில் இயங்கிய ஆருத்ரா நிறுவனத்தின் கதை. மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு தருவதாகச் சொல்லி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022இல் வழக்குப் பதிவாயிற்று. அங்கே சமயப் பெயர் தேவைப்படவில்லை. எண் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆக, ஒருவன் புனிதத்தைக் காட்டி வாங்குகிறான். மற்றொருவன் இலாபத்தைக் காட்டி வாங்குகிறான். இரண்டையும் ஒருசேரக் காட்டி வாங்கத் தெரிந்தவன் எவனோ, அவனே நம் சமுதாயத்தின் வாசலைத் தட்டுகிறான்.

நம் வீட்டுக் கதை

பெங்களூர் சிவாஜி நகரில் 2006இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். வட்டியில்லா முதலீடு, ஹலால் இலாபம், தங்க வாணிபம், பள்ளிக்கூடத்துக்கு உதவி. இவைதாம் அதன் விளம்பரங்கள். வட்டிக்கு அஞ்சி வங்கியில் வைப்புத் தொகை போடாத தாய்மார்கள் மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததைக் கொண்டு போய்க் கொட்டினர். 2019 ஜூனில் அதன் தலைவர் முகம்மது மன்சூர் கான் நாட்டைவிட்டு ஓடினார். ஜூலையில் டில்லியில் இறங்கியபோது கைதானார். மக்களை அதில் முதலிடத் தூண்டினார் எனும் குற்றச்சாட்டில் ஓர் ஆலிமும் அதே மாதம் கைதானார். ஆகஸ்டில் அந்நிறுவனத் தலைவரின் கட்டடம் ஒன்றின் நீச்சல் குளத்து அடியிலிருந்து 303 கிலோ எடையுள்ள ‘தங்கக் கட்டிகளை’ப் புலனாய்வுக் குழுவினர் எடுத்தனர். அத்தனையும் போலி. இழப்பு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய் என்று மத்தியப் புலனாய்வுத் துறை சொல்லிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 2018 அக்டோபரில், ஹைதராபாத்தின் ஹீரா நிறுவனத் தலைவியும் இதே போன்ற புகாரில் கைதாகியிருந்தார்.

போலித் தங்கத்தைக் குளத்தின் அடியில் வைத்தவன் மீது எனக்கு வியப்பில்லை. அதற்கு முன்பு பல்லாண்டுக் காலம் போலி ஹலாலை மேடைமேல் வைத்தபோது வாளாவிருந்த நம் மீதுதான் வியப்பு.

பிறரைச் சாடுமுன் என்னைச் சாடிக் கொள்வதே முறை. 2016இல் மயிலாப்பூரில் வாழும் என் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், கணவர் வபாத்தான பின் கிடைத்த ஏழு இலட்சத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளை எனக்குக் கொடுத்தனுப்பினார். தாளின் தலைப்பில் பிஸ்மில்லாஹ் இருந்தது. முளாரபா என்ற சொல் இருந்தது. வட்டி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. “குறையொன்றும் தெரியவில்லை, மாமி” என்று சொல்லி அனுப்பினேன். ஒவ்வொரு இலட்சத்துக்கும் மாதம் 2,500 ரூபாய் ‘இலாபம்’ என்றும் அத்தாளில் எழுதியிருந்தது. அதையும் என் கண்கள் படித்தன, அறிவு படிக்கவில்லை. பதினான்கு மாதம் பணம் வந்தது. பின்பு நிறுவனத்தின் கதவு பூட்டியிருந்தது. இன்று வரையில் மாமி என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தண்டனை.

ஏன் இதைக் குற்றம் என்கிறேன்? ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அது. ஹனபி மாணவர் குதூரியில் முளாரபா என்று ஓதுகிறார். ஷாபிஈ மாணவர் ஃபத்ஹுல் முஈனில் கிராள் என்று ஓதுகிறார். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகப் பிரித்துக் கொள்வதே அவ்வொப்பந்தம். முதல் போட்டவருக்கு இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே தொகை குறித்துவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. இதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடே இல்லை. வாணிபத்தில் இலாபம் எவ்வளவு வரும், வருமா என்பதே தெரியாதபோது, மாதம் 2,500 என்று எழுதியவன் ஒன்று வட்டி கொடுக்கிறான்; அல்லது பொய் சொல்கிறான். அந்தத் தாளைக் கண்டமாத்திரத்தில் ஒரு முதலாண்டு மாணவன் சொல்லியிருக்க வேண்டிய விடை அது. ஐம்பதை நெருங்கிய ஆசிரியன் சொல்லவில்லை. சொல்லைத் தேடினேன், பொருளைத் தேடவில்லை.

கிதாபில் இருந்த விளக்கு

இப்போது கிரிப்டோவுக்கு வருவோம். “புதிய காலத்துப் பொருள், பழைய கிதாபில் இதற்கு என்ன இருக்கிறது?” என்று இளைஞர்கள் கேட்கின்றனர். பொருள் புதிது, அதைக் கொண்டு ஏமாற்றும் வழிகள் புதியன அல்ல. வாணிப இயலாகிய கிதாபுல் புயூஇல் உள்ள நான்கைந்து சொற்களைத் தெளிவாக விளங்கிக் கொண்டவனை எளிதில் ஏமாற்ற முடியாது.

முதற்சொல் கரர். அறியப்படாத, கைக்கு வருமா என்று உறுதி சொல்ல முடியாத பொருளை விற்பது. ஆகாயத்தில் பறக்கும் பறவையையும் நீரில் நீந்தும் மீனையும் சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வர். ஏமாற்றத்தைக் குறிக்கும் ‘குரூர்’ என்ற சொல்லும், ஷைத்தானைக் குறித்துக் குர்ஆனில் வரும் ‘கரூர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தவை. பிட்காயின் 2009 ஜனவரியில் தோன்றியது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. அதன் கணக்கேடு எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. அப்படிப்பட்டதே 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலராயிருந்து, மறு நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. அதற்கே அந்நிலையென்றால், நேற்று எவனோ பெயர் சூட்டி இன்று விற்க வந்திருக்கும் நாணயத்தின் நிலை என்ன? இந்தியாவிலேயே 2018இல் வெடித்த கெயின்பிட்காயின் மோசடியில், மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி மக்களிடமிருந்து உண்மையான பிட்காயினை வாங்கிக் கொண்டு, பின்னர் தாமே ஆக்கிய வேறொரு நாணயத்தை அவர்கள் தலையில் கட்டினர். மீன் போயிற்று, மீனின் நிழல் கைக்கு வந்தது.

இரண்டாம் சொல் நஜ்ஷ். தான் வாங்கும் எண்ணமின்றி, பிறரைத் தூண்டுவதற்காகவே விலையை ஏற்றிக் கேட்பது. நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்துள்ளார்கள். இன்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பது அப்பட்டமான நஜ்ஷ். இருநூறு பேர் இருக்கும் குழுவில் நூற்றுத் தொண்ணூற்றைந்து பேர் மோசடிக்காரனின் ஆட்கள். அல்லது ஒருவனே பல பெயர்களில் இருப்பான். “இன்று எனக்கு எண்பதாயிரம்” என்று ஒருவர்; “அல்ஹம்துலில்லாஹ், கார் வாங்கிவிட்டேன்” என்று மற்றொருவர். மிச்சமிருக்கும் ஐந்து பேர்தாம் இரைகள். என் மாணவர் அந்த ஐவரில் ஒருவர். முதலில் ஐந்தாயிரம் எடுத்துப் பார்க்க விட்டனர்; அது வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அந்த ஐந்தாயிரம் தூண்டில் முள்ளில் குத்திய புழு.

மூன்றாம் சொல் கப்ள். கைவசப்படுத்துதல். வாங்கிய உணவுப் பொருளைக் கைவசப்படுத்தாமல் மறுபடி விற்கலாகாது என்று ஹதீஸ் தடுக்கிறது. வாங்கினேன் என்று சொல்வதற்கும் கையில் இருக்கிறது என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தை அக்கட்டளை நமக்கு உணர்த்துகிறது. கிரிப்டோவில் அந்தத் தூரம்தான் ஆளை விழுங்கும் கிணறு. நாணயத்தை இயக்கும் மறைதிறவு, 12 அல்லது 24 சொற்களாக ஒருவரிடம் இருக்கும். அச்சொற்கள் உங்களிடம் இருந்தால் நாணயம் உங்களுடையது. சந்தை நடத்தும் நிறுவனத்திடம் இருந்தால், அதன் மீது உங்களுக்கு ஓர் உரிமைக் கோரிக்கை மட்டுமே உண்டு. உலகின் பெரிய சந்தைகளில் ஒன்றாயிருந்த எஃப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் திவாலானது. நம் நாட்டின் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து 2024 ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. இலட்சக்கணக்கானோரின் கணக்குகள் முடங்கின.

சென்னையிலிருந்து பணம் செலுத்தி அச்சந்தையில் நாணயம் வாங்கியிருந்த பெண்மணி ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். களவு போனது வேறு வகை நாணயம், அவருடையது வேறு வகை. ஆயினும் அவருடைய கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது தொட்டறியும் பொருளன்று, செலாவணி நாணயமுமன்று, எனினும் அது ஒரு சொத்து. ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கத்தக்கது என்று தீர்ப்பளித்தார். பொறுப்பேற்று வைத்திருத்தல்! அமானத் என்று நாம் சொல்வது வேறென்ன? நீதிமன்றம் சொல்லுமுன் நாம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

நான்காம் சொல் தலக்கீ. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்குள் நுழையுமுன், சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன், வழியிலேயே மறித்து வாங்குவது. இதுவும் தடுக்கப்பட்டது, அறியாதவனின் அறியாமையை ஒருவன் முதலாக்கலாகாது என்பதே காரணம். முதன்முறை கிரிப்டோ வாங்க வருபவனைச் சந்தைக்குச் செல்லுமுன் வழிமறிக்கும் ‘ஆலோசகர்’ எவரும் இந்த வகையினரே. அவர் அனுப்பும் செயலி உண்மையான சந்தையின் செயலி அன்று; அதைப் போல் ஆக்கிய பொம்மை.

உஸ்மான் சாலையில் நம் பெண்கள் நகை வாங்கும் காட்சியைப் பாருங்கள். 1934இல் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பை ஏற்றிருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயர் தாங்கிய சாலை அது. அங்கே ஒரு கிராம் மூக்குத்திக்கும் 916 முத்திரை உண்டா, சேதாரம் எத்தனை, கல்லைக் கழித்து எடை போட்டீரா, பில் எங்கே என்று பத்துக் கேள்வி கேட்காமல் எழுவதில்லை. அதே வீட்டு ஆண் மகன், முகம் தெரியாதவன் அனுப்பிய வங்கிக் கணக்குக்கு நள்ளிரவில் மூன்று இலட்சம் அனுப்புகிறான். கணினிப் படிப்பு அவனுக்கு, அறிவு உம்மாவுக்கு!

சில எதிர்வாதங்கள்

“கிரிப்டோவே ஹராம், அப்படியிருக்க, பாதுகாப்பாக வாங்குவது எப்படி என்ற பேச்சு எதற்கு?” என்று சக ஆலிம்கள் சிலர் கேட்கின்றனர். எகிப்தின் முஃப்தி 2018 ஜனவரியில் பிட்காயின் கூடாதென்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்கலாம் என்று 2020இல் முடிவு செய்தது. அறிஞர்கள் வேறுபட்டு நிற்கும் இடத்தில் என் சொந்தக் கருத்தும் தடை செய்வோரின் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால், “ஹராம்” என்ற ஒரு சொல்லோடு கடமை தீர்ந்ததென்று மிம்பரிலிருந்து இறங்குவது நோயாளியிடம் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் மருத்துவரின் செயல். களவாடுபவனுக்கு நாணயம் ஹலாலா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. நாளை அவன் கிரிப்டோவை விட்டுவிட்டு உம்ராப் பயணம், மனை, தங்கம் என்று வருவான். சொல் மாறும், தூண்டில் மாறாது.

“வங்கியில் வட்டி, பிறகு எங்கேதான் வைப்பது?” இது விதண்டையன்று, உண்மையான வேதனை. ஹராமுக்கு அஞ்சும் உள்ளம்தான் ஏமாற்றுவோனுக்கு எளிதில் திறந்து கொள்கிறது. இதற்கு விடை சொல்லாமல் வட்டியை மட்டும் கண்டிப்பது பாதி உண்மை. வங்கியில் காப்புக்காக வைத்து, சேரும் வட்டியை உலமாக்கள் காட்டும் வழியில் அகற்றிவிடலாம். முத்திரையிட்ட தங்கம் உண்டு. ஷரீஅத் நெறிக்கேற்பப் பங்குகளைத் தேர்ந்து முதலிடும், செபியின் மேற்பார்வையிலுள்ள டாடா எதிகல் ஃபண்ட் போன்றவை உண்டு. அவற்றில் விலை ஏறும், இறங்கும், இலாபத்துக்கு உத்தரவாதமில்லை. உத்தரவாதமில்லை என்று எழுதிக் கொடுப்பதே அவற்றின் நேர்மை. நட்டத்தில் பங்கேற்பவனுக்கே இலாபத்தில் பங்கு என்பதுதானே நம் ஃபிக்ஹின் அடித்தளம்?

“அரசாங்கமே வரி வாங்குகிறதே, பிறகென்ன தடை?” வரி அனுமதிச் சீட்டன்று. லாட்டரிப் பரிசுக்கும் 30 விழுக்காடு வரி உண்டு. அதனால் சூதாட்டம் தூய்மையாகிவிட்டதா? 2018இல் ரிசர்வ் வங்கி விதித்த தடையை 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கியது உண்மை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி; ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் 1 விழுக்காடு பிடித்தம். ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் ஒரு இலட்சம் இலாபமும் மற்றொன்றில் ஒரு இலட்சம் நட்டமும் கண்டவர், கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையிலும், மேல்வரி சேர்த்து 31,200 ரூபாய் செலுத்தியாக வேண்டும். இதைச் சொல்லாமல் “சம்பாதிக்கலாம் வாங்க” என்று அழைப்பவர் அறியாதவர், அல்லது மறைப்பவர்.

இனிச் செய்ய வேண்டியவை

தடுத்தும் கேளாமல் இதில் இறங்குகிறவர் உண்டு. அவரும் நம் பிள்ளையே. அவருக்கும் சில சொற்கள்.

நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற சந்தையன்றி வேறெங்கும் கால் வைக்காதீர். 2023 மார்ச் முதல் இது சட்டக் கட்டாயம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க ‘வரி’, ‘காப்புத் தொகை’ கட்டச் சொன்னால் அது மோசடி. வரி அரசுக்குச் செலுத்துவது, அந்நியனின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்புவதன்று. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மறைதிறவுச் சொற்களை எவர் கேட்டாலும் சொல்லாதீர். படமெடுத்துக் கைப்பேசியில் வைக்காதீர். தாளில் எழுதிப் பத்திரப்படுத்தி, வாரிசுகளில் ஒருவருக்கு இருக்குமிடம் மட்டும் தெரிவியுங்கள். இல்லையேல் உங்களோடு அதுவும் மண்ணுக்குள் போகும். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர் ஆயிரக்கணக்கான பிட்காயினின் திறவு பதிந்த வட்டை 2013இல் குப்பையோடு இழந்து, பல்லாண்டு தேடியும் பெறவில்லை. நாணயம் அனுப்பும்போது முதலில் மிகச் சிறு தொகையை அனுப்பிச் சேர்ந்ததா என்று பாருங்கள். முகவரி தவறினால் திரும்ப அழைத்துக் கொள்ள வங்கி மேலாளர் எவரும் அங்கே இல்லை. கடன் வாங்கியோ நகையை வைத்தோ ஒரு காசும் போடாதீர்.

இன்னொன்று, இதுவே மிகவும் ஆபத்தானது. “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, பணம் வந்து போகும், உனக்குத் தரகு” என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்கின்றனர். கொடுத்தால் களவுப் பணம் நம் பிள்ளையின் பெயரில் புரளும். வேறு மாநிலக் காவல்துறை வீட்டுக்கு வரும். அறியாத நபரிடம் நேருக்கு நேர் நாணயம் விற்பவரின் கணக்கும் இவ்வாறே முடங்குகிறது.

ஏமாந்து போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர். 1930 என்ற எண்ணுக்கு அந்த மணி நேரத்திலேயே அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுமுன் முடக்க வழியுண்டு. நாள் கடந்தால் வழியில்லை. இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வருபவன் இரண்டாம் திருடன்.

ஜமாஅத்துகளுக்கும் ஆலிம்களுக்கும் சொல்ல வேண்டியது மூன்றே. பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையிலோ ஒலிபெருக்கியிலோ எந்த முதலீட்டுத் திட்டமும் ஏறலாகாது. எந்த ஆலிமும் எந்த நிறுவனத்திடமும் தரகோ மேடைக் காணிக்கையோ பெற்றுக் கொண்டு அதைப் பற்றிப் பேசலாகாது. பெற்றிருந்தால் பேசும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஓர் ஆலிம், ஒரு கணக்காயர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆகிய மூவர் மாதம் ஒருநாள் அமர்ந்து, மக்கள் கொண்டு வரும் ஒப்பந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். அன்று என் அருகில் ஒரு கணக்காயர் அமர்ந்திருந்தால் மாமியின் ஏழு இலட்சம் இன்றும் அவரிடமே இருந்திருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. அதை அழகுறக் கிராஅத் ஓதுகிறோம். வாழ்வில் எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்?

மறுபடி மயிலாப்பூருக்கு வருகிறேன். 1906இல் ஏமாந்தவர்கள் மறு ஆண்டே ஒரு வங்கியை எழுப்பினர். 2019க்குப் பின் நாம் எதை எழுப்பினோம்? நம் ஊர்கள் பலவற்றில் நகைமீது வட்டியின்றிக் கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் இருக்கின்றன. கணக்கைத் தணிக்கை செய்து, பலகையில் ஒட்டி, அல்லாஹ்வுக்கு அஞ்சி நடத்தும் எளிய மனிதர்கள் அவற்றில் இருக்கின்றனர். சென்னையிலே, இத்தனை மாடி வீடுகளுக்கும் இத்தனை பட்டதாரிகளுக்கும் நடுவே, அப்படியொன்றை நாலு தெருவுக்கு ஒன்றாக நிறுவ நமக்குப் பணமில்லையா, மனமில்லையா?

சென்ற வாரம் அந்த மாணவர் வந்தார். புகார் கொடுத்திருக்கிறார், பணம் திரும்பும் நம்பிக்கை குறைவு. “ஹஸ்ரத், முதல் நாளே உங்களிடம் வந்திருக்க வேண்டும்” என்றார். நான் அவருக்கு விடை சொல்லவில்லை. முதல் நாளே வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? தாளில் வட்டி என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பேனோ?

இனி அப்படிப் பார்க்க மாட்டேன். நீங்களும் அப்படிப் பார்க்கும் ஆலிமிடம் போகாதீர்கள்.